'இருமலுக்கு ஒரு டானிக் கொடுங்க'... எந்த இருமலுக்கு எந்த மருந்து?

உத்திரமேரூர் பக்கம் கிராமங்களில் ராத்திரி பிள்ளை இருமினால், காலையில் மெடிக்கல் ஷாப்பில் "ஒரு டானிக் கொடுங்க" என்று கேட்பது வழக்கம். ஆனால் எல்லா பாட்டிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மூளையில் இருமலைத் தூண்டும் பகுதியை அடக்கும். வறட்டு இருமலுக்குத்தான் இது. சளி கட்டியிருக்கும்போது குடித்தால், வெளியேற வேண்டிய சளி உள்ளேயே தங்கிடும். அம்ப்ராக்சால் சளியை இளக்கும். டெர்பியூட்டலின் மூச்சுக்குழாயை விரிக்கும். வீசிங் இல்லாதவருக்கு எதற்கு? குளோர்பெனிரமின் அலர்ஜிக்கானது, தூக்கம் வரும்.

அப்போ 2025-ல் நடந்தது என்ன? இதே காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் சிரப்பில் 48.6% டை எத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதி 0.1% மட்டுமே. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அக்டோபரில் நிறுவனத்தின் உரிமம் ரத்தானது.

இது மருந்தைக் கரைக்கும் திரவத்தில் கலந்துவரும் விஷம். நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்லணும். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

2 வயதுக்குள் இருமல், சளி மருந்தே வேண்டாம், 5 வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்கிறது மத்திய சுகாதாரத் துறை. சாதாரண சளி இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகும். 1 வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம்.

வேகமாக மூச்சு வாங்கினாலோ, மருந்து கொடுத்தபின் சிறுநீர் குறைந்தாலோ, உடனே ஜி.எச்.சுக்குப் போங்க. பாட்டிலையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.