எழுபதுக்குள் தமிழ்

கைத்தொலைபேசி வலையமைப்பின் தலைமுறைகளைப் பற்றிப் பேசும்போது நாம் வேகத்தை மட்டுமே பேசுகிறோம். 2ஜியைவிட 3ஜி வேகம், அதைவிட 4ஜி வேகம், அவ்வளவுதான். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை வேறு என்பது என் கருத்து.

2ஜி காலத்துக் குறுஞ்செய்தி ஒன்றில் 140 பைட் மட்டுமே அடங்கும். உரோமன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் எழுதலாம். யூனிகோடு தமிழுக்கோ 16 பிட் வேண்டும். 160 என்பது 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனியே இடம் கேட்கும். 'பொங்கல் வாழ்த்துகள்' என்பதில் நாம் எண்ணுவது 10 எழுத்து. கருவி, இடைவெளியையும் சேர்த்து எண்ணுவது 19. எழுபதைத் தாண்டினால் இரண்டாவது செய்திக்கும் கட்டணம். இத்தனைக்கும் பிறகு, பெறுபவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தாம் தெரியும். மாணவர் கையிருப்பு எவ்வளவு என்பது முன்னாள் மாணவர்களுக்குத் தெரியாததா? தமிழை உரோமன் எழுத்தில் தட்டும் பழக்கம் இப்படித்தான் ஊன்றியது. அதை மொழிப்பற்றுக் குறைவு என்று சாடுவது நியாயமன்று.

நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அதே ஆண்டு மலேசியாவில் 3ஜி சேவை தொடங்கியது. முன்னது தமிழில் எழுத வழி தந்தது; பின்னது, புலனம் போன்ற செயலிகள் வந்தபோது, 70 என்ற வேலியையே அகற்றியது. 2021 இறுதியோடு அந்த 3ஜியும் இங்கே விடைபெற்றது. அதே டிசம்பரில் 5ஜி வந்தது. (வேடிக்கை என்னவென்றால், பழைய கருவிகளுக்காக 2ஜியை அப்போது விட்டுவைத்தார்கள்!)

வேலி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நம் கழகத்தின் புலனக் குழுவைத் திறந்து பாருங்கள். நாடகத்துக்கு அழைப்பு, கூட்ட அறிவிப்பு எல்லாமே உரோமன் எழுத்தில். தமிழ்ப்பள்ளியில் படிக்காத நண்பர்கள் வாசிக்கச் சிரமப்படுவார்கள் என்ற வாதத்தை மதிக்கிறேன். அவர்களுக்காகக் கீழே ஒரு வரி உரோமனிலும் இருக்கட்டும். ஆனால் மேல் வரி தமிழாக இருக்க வேண்டும். அடுத்த பருவத்திலிருந்து இதைச் செயல்படுத்தச் செயலவை ஒரு தீர்மானம் போட்டால் போதும். இதற்குப் பண ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.