ஈறு மாறினால் பொருள் மாறும்

வேலை வேண்டி விண்ணப்பம் எழுதிய மாணவர் ஒருவர் அதனை என்னிடம் காட்டினார். தாம் கடுமையாக உழைத்துப் பயின்றதைக் கூற விரும்பியவர், ‘ஹார்ட்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தார். ‘ஹார்ட்லி’ என்பதற்குப் ‘பெரும்பாலும் இல்லை’ என்பதே பொருள். உழைத்த பிள்ளை தன் கையாலேயே தன் உழைப்பை மறுத்துவிட்டது!

இப்பிழை சோம்பலால் விளைந்ததன்று, ஒப்புமையால் விளைந்தது. தமிழில் ‘ஆக’ சேர்ந்து ‘விரைவாக’, ‘கடுமையாக’ என வினையடைகள் பிறக்கின்றன. ஆங்கில ‘லி’யும் எங்கும் அவ்வாறே என மாணவர் எண்ணிவிடுகின்றனர். ஹார்ட், நியர், ஹை, லேட் ஆகியவை ‘லி’ இன்றியே வினையடையாக வருவன. ‘லி’ சேர்ந்தால் பொருளே வேறாகிவிடும்.

“இஃது ஆங்கிலத் துறையின் பணியன்றோ?” என்பாருளர். தமிழறிவே இங்குத் தக்க துணை என்பது என் கருத்து. ‘நியர்’ என்பது கிட்ட; ‘நியர்லி’ என்பது கிட்டத்தட்ட. பறவை உயரப் பறந்தது என்பதில் ‘ஹை’. உயர்வாகப் பேசினார் என்பதில் ‘ஹைலி’. ‘ஹார்ட்லி’ முற்காலத்தில் ‘வருந்தி முயன்று’ என்னும் பொருளிலும் வழங்கியது. பின்னரே இன்மைப் பொருளை அடைந்தது. நம் ‘அரிது’ என்னும் சொல்லும் அத்தகையதே. செய்வது அரிது என்றால் கடினம். காண்பது அரிது என்றால் பெரும்பாலும் இல்லை. ‘லேட்’, ‘லேட்லி’ இரண்டிற்கு மட்டும் இத்தகைய இணை எளிதில் அமையவில்லை. பிந்தி வந்தான், அண்மைக்காலமாக வருகிறான் எனத் தனித்தனியே மனங்கொள்ள வேண்டும்.

ஓதுபள்ளியில் ‘கல்பு’ என்னும் சொல்லை நம் ஹஜ்ரத்மார்கள் எத்தனை முறை திருத்தினார்கள்! அடிநாவில் பிறக்கும் காஃபைச் சற்று முன்னே தள்ளி ஒலித்தால் ‘இதயம்’ ‘நாய்’ ஆகிவிடும். ஓரெழுத்தில் அத்துணைக் கவனம் பழகிய பிள்ளைகளுக்கு ‘லி’ ஒரு பொருட்டா?

பட்டியலை உருப்போடச் செய்வதால் பயனில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் நின்று இருமொழிச் சொற்களையும் ஒப்பிட்டுக் காட்டட்டும். கல்லூரிப் பெரியோர் இதற்கு வழிவகுக்க வேண்டுகிறேன். தாய்மொழியைத் துருவி அறிந்தவனுக்குப் பிறமொழி பகையன்று. மாணவச் செல்வங்களே, கடுமையாக உழையுங்கள். அவ்வுழைப்பைப் பிழையின்றி எழுதவும் பழகுங்கள்.