பூட்டுவது யார்?

சென்ற மாதம் இலண்டனிலிருந்து வந்த எமது மருமகன், தமது பெட்டியிற் சேலைகளுக்கும் இனிப்புகளுக்கும் இடையில் மெழுகுக் கடதாசி சுற்றிய நீண்ட பொதியொன்றைக் கொணர்ந்து எம்மிடம் தந்தார். சின்னவன் அதனைத் தனக்கு வந்த விளையாட்டுத் துப்பாக்கி என்றே எண்ணினான். பிரித்தபோது எண்ணெய் தடவிய ஓர் இரும்புத் தண்டு வெளிப்பட, அவன் முகம் வாடியது. எம் முகம் மலர்ந்தது. எமது தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காருக்கு நாம் கேட்டெழுதிய காம்ஷாப்ற் அது. அன்று தொட்டு வீட்டில் ஒரே விவாதம். இதனை நாமே பூட்டுவதா, கராஜில் விடுவதா?

வாசகருட் பலர் இத்தண்டைக் கண்டிருக்கமாட்டார். எந்திரத்தின் உள்ளே மறைந்து கிடந்து, வால்வுகளை வேளை தவறாமல் திறந்து மூடச் செய்வது இதுவே. இதன்மேல் முட்டை வடிவில் எட்டு மேடுகள் உண்டு. ஒவ்வொரு மேட்டின்மீதும் சிறு வாளி போன்ற ரப்பெற் ஒன்று அமர்ந்திருக்கும். மேடு உயரும்போது ரப்பெற் உயர்ந்து, ஒரு நீண்ட கம்பியைத் தள்ளி, தலைமேலுள்ள றொக்கரை அசைத்து வால்வைத் திறக்கும். பிரதான தண்டு இருமுறை சுழல இது ஒருமுறை சுழலும். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருடன் வெளிவந்த எந்திரக் குடும்பம் இது. எமது வண்டியில் இருப்பது, 1956இல் மொறிஸ் மைனருக்கு வந்த 948 கன சென்ரிமீற்றர் அளவினது.

நோய் எவ்வாறு தெரிந்ததெனில், காபரேற்றர் வழியே வண்டி அடிக்கடி தும்மத் தொடங்கிற்று. கூடவே ஒரு தட்டொலி. வால்வு இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்காகத் திருத்தினோம். இவ்வகை எந்திரத்தில் ஒன்பதாங் கணக்கு என்றொரு வழி உண்டு. நான்காம் வால்வு முற்றாகத் திறந்திருக்கையில் ஐந்தாவதைத் திருத்தலாம், இரண்டையுங் கூட்டினால் ஒன்பது. எட்டையும் அவ்வாறே திருத்தியும் தும்மல் நிற்கவில்லை. பின்னர் மேல்மூடியைக் கழற்றி, எந்திரத்தைக் கையாற் சுழற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறதென அளந்தோம். ஐந்தாவது மட்டும் மற்றவற்றின் பாதிக்குச் சற்றே மேலாக இறங்கிற்று. அது மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வு. புகை முற்றாக வெளியேற வழியின்றி, அடுத்த வால்வு திறந்ததும் வந்த வழியே திரும்பிப் பாய்ந்தது, அதுவே தும்மல். மேடு தேய்ந்துவிட்டது.

தேய்வுக்குக் காரணம் தேடினால் கதை நீளும். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளுள் இதுவும் ஒன்று. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆயினும் அக்காலத்தை மட்டுங் குறை கூறல் நியாயமன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கராஜில் (பெயர் வேண்டாம்) புதிய காம்ஷாப்ற் பூட்டுவித்தோம். அவர்கள் சிக்கனங் கருதிப் பழைய ரப்பெற்றுகளையே திரும்ப இட்டனர். பழைய ரப்பெற்றின் முகம் பழைய மேட்டுக்கே பழகியது. புதிய மேட்டை அது அரைத்துத் தின்றுவிடும். அதற்கும் கூலி கொடுத்தோம்!

ஆகவேதான் நாமே செய்தால் என்னவென்று தோன்றிற்று. இம்முறை எட்டு ரப்பெற்றுகளும் புதிதாக வந்துள்ளன. 948 எந்திரத்தின் பக்கத்தில் இரு தகட்டு மூடிகள் உண்டு. அவற்றைக் கழற்றினால் ரப்பெற்றுகளைப் பக்கவாட்டிலேயே எடுத்துவிடலாம். பின்னாளில் வந்த 1275 எந்திரத்திற்கு இவ்வசதி இல்லை. தண்டின் பின்முனையையும் முதலிற் பார்த்துக்கொண்டோம். எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவது அம்முனையே. அதில் மூன்று வகை உண்டு, வகை மாறினால் பம்பு சுழலாது. எமக்கு வந்தது சரியான வகையே.

இனித் தடைகள். தண்டை முன்புறமாக உருவ வேண்டும். றேடியேற்றரும் முன்தகடும் வழிமறிக்கும். எந்திரத்தையே வெளியே தூக்குவது மேல். எமது மைத்துனர் முற்றத்து மாமரக் கிளையிற் கப்பி கட்டலாம் என்றார். அக்கிளை சென்ற மாரியில் ஊஞ்சலையே தாங்காதது. அவர் யோசனையை அன்புடன் மறுத்தோம். பற்சில்லுகளின் புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்திச் சங்கிலி பூட்டுவது நிதானமான வேலை, அதற்கு அஞ்சவில்லை. நாம் அஞ்சியது முதல் இருபது நிமிடத்திற்கே. புதிய தண்டு பூட்டிய எந்திரத்தை உயிர்ப்பித்தவுடன் நிமிடத்திற்கு 2000 சுழற்சி அளவில் இடைவிடாது ஓட்டவேண்டும். மேடுகளுக்கு எண்ணெய் கிடைப்பது பெரும்பாலும் தெறிப்பினாலேயே. மெதுவாக ஓடினால் தெறிப்புப் போதாது. உயிர்ப்பிக்க முடியாமற் பலமுறை சுழற்றினால், மேடுகளிற் பூசிய கரும்பசை உராய்ந்து போய்விடும். எண்ணெயும் பழைய வகையாதல் வேண்டும். இக்காலத்துப் புதிய எண்ணெய்கள் பலவற்றில், புகைக்குழாய் வடிகட்டியின் நலங் கருதித் துத்தநாகக் கூட்டைக் குறைத்துவிட்டனர். எமது வண்டிக்கு வேண்டியதோ அதுவே.

எமது இல்லாளுக்கு இவையெல்லாம் பொருட்டன்று. "இஞ்சாருங்கோ, அம்மாவின்ரை கிளினிக் நாளுக்குக் கார் நிற்குமோ?" என்பதே அவர் கேட்டது. மாமியாருக்கு மாதம் இருமுறை வைத்தியசாலை. முழங்கால் மடக்க இயலாதவர், ஆட்டோவில் ஏறி இறங்கப் பெரிதும் வருந்துவார். அறுபத்தேழு வயதில், வாசிக்க ஒரு கண்ணாடியும் நட்டுத் தேட இன்னொரு கண்ணாடியும் அணியும் எமக்கு இவ்வேலை இரண்டு நாளா, இரண்டு மாதமா? நேர்மையாகச் சொல்வதானால் தெரியவில்லை.

முடிவில், தந்தையார் காலந்தொட்டு எமக்குப் பழக்கமான முதிய மெக்கானிக் ஒருவரிடஞ் சென்றோம். தண்டை வாங்கி ஒவ்வொரு மேட்டையும் விரலாற் தடவிப் பார்த்தார். "மாஸ்ரர், கழற்றிறது நீங்கள் செய்யலாம். எந்திரம் தூக்கேக்கையும் முதல் ஸ்ராட் அடிக்கேக்கையும் நான் பக்கத்திலை நிற்கவேணும்" என்றார். தூக்கும் சங்கிலி அவரிடம் உண்டு. கூலி பேசினோம், ரப்பெற்றுகளுக்கு நாமே பசை பூசுவதென்றும், பழையவற்றை எம் கையில் எண்ணித் தருவதென்றும் உடன்பாடாயிற்று.

கிளினிக் முடிந்த மறுநாள் வண்டி அவரிடஞ் செல்கிறது. அடுத்த கிளினிக்குக்கு இரு கிழமை அவகாசம். அதற்குள் முடியாவிடின் மைத்துனர் தமது வானைத் தருவதாக வாக்களித்திருக்கிறார். மாமரக் கிளையை மறுத்த கோபம் இன்னும் முற்றாகத் தணியவில்லையாதலால், அவ்வாக்கை இல்லாள் முன்னிலையில் இன்னொருமுறை சொல்லச் செய்துகொண்டோம்.