வீட்டு போர்ச்சில் கார் லிஃப்ட் வைக்கலாமா? முதலில் கூரையை அளந்து பாருங்கள்

தரைவீட்டில் வசிக்கும் மாமா, சித்தப்பா யாராவது உங்களுக்கு இருந்தால் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும்: "போர்ச்ல ஒரு கார் நிக்குது, இன்னொண்ணு ரோட்டுல நிக்குது. ஒண்ணத் தூக்கி மேல வெச்சிட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ கட்டணம் 106,000 வெள்ளிக்குப் போனது. பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளி. வெறும் 10 ஆண்டு உரிமைக்கு இவ்வளவு கொடுத்துவிட்டு, காரை வெயிலிலும் மழையிலும் சாலையோரம் விட மனசு வருமா? அதனால்தான் சில தரைவீட்டுப் பேட்டைகளில் வாசலுக்கு எதிரே பூந்தொட்டியும் குப்பைத்தொட்டியும் வைத்து இடம் பிடிக்கிறார்கள். சாலை பொது இடம். அப்படி இடம் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு மனக்கசப்புதான் மிச்சம்.

சரி, லிஃப்ட் வாங்கிவிடலாமா? கடைக்குப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்.

கணக்கு இப்படித்தான் வரும். டொயோட்டா ஆல்டிஸ் போன்ற செடான் காரின் உயரம் ஏறக்குறைய 1.45 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கார் என்றால் 2.9. நடுவில் இருக்கும் மேடையின் தடிமன், கீழே உள்ள காருக்கும் மேலே உள்ள காருக்கும் தேவையான இடைவெளி எல்லாம் சேர்த்து இன்னும் 20, 25 சென்டிமீட்டர். ஆக, 3.1 மீட்டருக்குக் குறைந்தால் பேச்சே இல்லை. இன்று சாலையில் அதிகம் பார்க்கும் பிஒய்டி ஆட்டோ 3, டெஸ்லா மாடல் ஒய் இரண்டுமே 1.6 மீட்டரைத் தாண்டியவை. அப்படி இரண்டு கார் என்றால் 3.5 மீட்டர் வேண்டும். ஆல்ஃபர்ட் வைத்திருப்பவர்கள் கனவு காண வேண்டாம். அது ஒன்றே 1.9 மீட்டருக்கு மேல்.

"எங்க போர்ச் மூன்றரை மீட்டர் இருக்கே" என்று உடனே சொல்லாதீர்கள். எங்கே அளந்தீர்கள்? கூரைவரை அளப்பதில் பயனில்லை. கூரையில் ஆகத் தாழ்வாக இருப்பது எதுவோ, அதுவரைதான் கணக்கு. அது உத்தரமாக இருக்கலாம், விளக்காக இருக்கலாம், தானியங்கிக் கதவின் மோட்டாராகவும் இருக்கலாம். தரையும் சமமாக இருக்காது. மழைநீர் வடிய வாசல்பக்கம் சரித்துக் கட்டியிருப்பார்கள். பலர் மறந்துபோவது பின்கதவை. எஸ்யுவியின் பின்கதவைத் திறந்தால் அது காரின் கூரையைவிட உயரமாகப் போகும். மேடையில் இருக்கும்போது யாராவது திறந்தால் கண்ணாடி போச்சு.

உயரம் போதவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, மேல்மேடை சாய்ந்து நிற்கும் வகை லிஃப்ட். கொஞ்சம் உயரம் மிச்சமாகும், ஆனால் கீழே தாழ்வான கார்தான் நுழையும். இன்னொன்று, குழி தோண்டி ஒரு காரைத் தரைக்குக் கீழே இறக்குவது. இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. திடீர் வெள்ளம் வருகிற ஊரில் போர்ச்சில் குழி என்றால் அது கிணறுதான். எந்நேரமும் பம்ப் வேலை செய்ய வேண்டும். கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் ஓடினால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். தூணையோ உத்தரத்தையோ தொடுகிற வேலை என்றால் கட்டட, கட்டுமான ஆணையம் வரை போகும். நிபுணத்துவப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள்.

வீட்டை இடித்துக் கட்டுபவர்களுக்குத்தான் யோகம். நகர மறுசீரமைப்பு ஆணையம் 2015இல் விதிகளை மாற்றியது. இரண்டு தள வீடு என்றால் மொத்தம் 12 மீட்டர், மூன்று தளம் என்றால் 15.5 மீட்டர். அந்த வரம்புக்குள் எந்தத் தளம் எவ்வளவு உயரம் என்பதில் முன்பைவிட சுதந்திரம் உண்டு. வரைபடத்திலேயே கார் தளத்தை உயர்த்திக்கொள்ளலாம். வசதி இன்னும் அதிகம் என்றால் ஸ்காட்ஸ் ரோட்டில் ஹேமில்டன் ஸ்காட்ஸ் இருக்கிறது. அந்தக் கூட்டுரிமைக் கட்டடத்தில் கார் மின்தூக்கியில் ஏறி, வரவேற்பறைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போய் நிற்கும்.

லிட்டில் இந்தியாவில் நிலைமை வேடிக்கையானது. சிராங்கூன் ரோட்டுக் கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் கூரை நல்ல உயரம். ஆனால் முன்னால் ஐந்தடிப் பாதை. கார் எப்படி உள்ளே போகும்? 1989 முதல் அது பாதுகாக்கப்பட்ட வட்டாரம், முகப்பை இஷ்டத்துக்கு உடைக்க முடியாது. உயரம் இருக்கும் இடத்தில் வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பார்க்கிங் தேடிச் சுற்றியவர்களுக்கு இது ஆறுதல் தராது என்று தெரியும்.

இதுவரை பேசியது நிறுத்துவதைப் பற்றி. காருக்கு அடியில் புகுந்து வேலை பார்க்க லிஃப்ட் வேண்டும் என்பவர்களும் உண்டு. சிஓஇயைப் புதுப்பித்துப் பழைய காரையே ஓட்டுபவர்கள் பலர் இந்த ரகம். இவர்களுக்குக் கூரை அவ்வளவு பெரிய தடை இல்லை. காரை அரை மீட்டர் மட்டும் உயர்த்தும் தாழ்வான லிஃப்ட்கள் கிடைக்கின்றன. எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் அது போதும். செடான் என்றால் 2.4 மீட்டர் கூரைக்குக் கீழேயே முடிந்துவிடும்.

ஆனால் இங்கேதான் உயிர் சம்பந்தப்படுகிறது. ஹைட்ராலிக் எண்ணெய் காரைத் தூக்கும். தாங்கிப் பிடிக்க வேண்டியது இரும்புப் பூட்டு. பூட்டு விழுந்த சத்தம் கேட்காமல் கீழே தலையை நீட்டாதீர்கள். இரண்டு தூண் லிஃப்ட் என்றால் கான்கிரீட் குறைந்தது 100 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். உங்கள் போர்ச்சில் டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது? யாருக்காவது தெரியுமா? எடையையும் பாருங்கள். ஆல்டிஸுக்காக வாங்கிய லிஃப்ட், ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள மின்சாரக் காரைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். 2024இல் இங்கே புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சாரக் கார். அவற்றின் பேட்டரி அடிப்பகுதியில்தான் இருக்கிறது. லிஃப்ட்டின் கையை இடம் தெரியாமல் வைத்தால் நசுங்குவது பேட்டரி.

பட்டறைகளில் இருக்கும் தூக்கும் கருவிகளை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர்கள் பார்க்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி வைத்திருக்கிறது. வீட்டில் உங்களைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? குழந்தைகள் உள்ள வீடு என்றால் சாவி போட்டால் மட்டும் இயங்கும் ஸ்விட்ச் உள்ளதையே கேளுங்கள். சாவி பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

வீவக வீட்டில் இருப்பவர்கள் இந்தக் கவலையே படவேண்டாம், அங்கே லிஃப்ட் வைக்க முடியாது. ஆனால் மாமா இந்த வாரம் லிஃப்ட் பேச்சை எடுத்தால், அளவு நாடாவோடு போய் உத்தரத்துக்கு அடியில் அளந்து கொடுங்கள். மேல் காரிலிருந்து கீழ் காரின் கூரையில் எண்ணெய் சொட்டாமல் இருக்கத் தட்டு உண்டா என்றும் விற்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.