‘லான்செட்’ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ‘டீகோட்எம்இ’ ஆய்வு முடிவுகள் 2025 ஆகஸ்டில் வெளியாயின. நாள்பட்ட சோர்வு நோயால் முடங்கிய 15,579 பேரின் மரபணுக்களை, அந்த நோயில்லாத 2,59,909 பேருடையவற்றோடு ஒப்பிட்டதில் எட்டு இடங்களில் வேறுபாடு தெரிந்திருக்கிறது. அவற்றை ஒட்டியுள்ள மரபணுக்கள் பலவும் நோயெதிர்ப்பு மண்டலத்தையும் நரம்பு மண்டலத்தையும் சார்ந்தவை. மனச்சோர்வோடு அவற்றுக்குத் தொடர்பு தென்படவில்லை. எழுந்து உட்காரவே முடியாதவர்கள்கூட வீட்டிலிருந்தே குழாயில் எச்சிலைச் சேகரித்து அஞ்சலில் அனுப்பிக் கொடுத்த சான்று இது.

ஒவ்வொரு வேறுபாட்டின் பங்கும் சிறியதுதான். நோயைக் கண்டறியும் பரிசோதனை இதிலிருந்து இன்னும் பிறக்கவில்லை. ஆனால் “எல்லாம் மனப்பிரமை” என்று நோயாளியைத் திருப்பி அனுப்ப இனி எந்த மருத்துவருக்கும் முகாந்திரம் இல்லை.

அந்தப் பழிக்கு வயது அதிகம். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்கள் கூட்டமாக இதையொத்த நோயில் விழுந்தார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு, அதற்கு ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தினார்கள். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் அதிகம் என்பதையே அதற்கு ஒரு காரணமாகவும் காட்டினார்கள். வெட்கக்கேடு!

அந்த மனப்போக்குக்கு அறிவியல் அங்கீகாரம் தந்தது, 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட ‘பேஸ்’ ஆய்வு. 641 நோயாளிகளை வைத்து நடத்தி, மனநல ஆலோசனையும் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் பலன் தரும் என்றார்கள். உடல் இயக்கத்துக்கு நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே மதிப்பெண் பெற்றவரே ஆய்வில் சேர முடியும். முடிவிலோ, 60 பெற்றாலே உடல் இயக்கம் ‘இயல்பு நிலை’. சேர்ந்தபோது இருந்ததைவிட மோசமானவரும் அந்த வரம்புக்குள் வந்துவிடலாம்! இந்த அளவுகோலை எப்படி அனுமதித்தார்கள்?

குளித்துவிட்டு வந்தாலே இரண்டு நாள் படுக்கையில் கிடப்பவரிடம் “இன்னும் கொஞ்சம் நடங்கள்” என்றார்கள். நடந்து, மேலும் நொடித்துப்போனதாகச் சொன்னவர்கள் ஏராளம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் அந்தப் பயிற்சியைப் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. ‘லான்செட்’ மட்டும் கட்டுரையை அப்படியே வைத்திருப்பது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது.

கட்டுரையை உடனே திரும்பப் பெற வேண்டும். இத்தனை ஆண்டுகள் விமர்சனத்துக்குச் செவிசாய்க்காதது ஏன் என்று ஆசிரியர் குழு எழுத்தில் விளக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.