ஒருவகைப் பூ

சென்ற பங்குனியின் முதல் வாரத்தில் நண்பர்கள் மூவர் அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரை தாமிரபரணிக் கரையோடு நடந்தோம். பெரும்பொழுதுக் கணக்குப்படி அது பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் பிறக்கவேண்டும். கரையில் நின்ற மரங்கள் இலக்கணம் படித்தவையல்ல. இலவம் பூத்து ஓய்ந்திருந்தது. வேம்பு செந்துளிர் விட்டிருந்தது. குயில் விடாமல் கூவியது. பிசானம் அறுத்த வயல்களில் மஞ்சள் வாலாட்டிகள் பூச்சி பொறுக்கின. குளிர்காலம் கழிக்க வடக்கிலிருந்து வரும்போது மங்கிய நிறத்தில் இருக்கும் இப்பறவைகள், ஊர் திரும்பும் நாள் நெருங்க இறகு மாற்றிப் பளிச்சென்று மஞ்சளாகிவிடுகின்றன.

ஓரிடத்தில் மரத்தடி முழுக்க வெளிறிய சிறு பூக்கள் உதிர்ந்து கிடந்தன. இருபதாண்டுகளாகச் சங்க இலக்கியம் வாசிப்பவன் நான்; என்ன மரமென்று சொல்லத் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி சிரித்தார். "இது புங்குல்லா, தெரியலையா தம்பி?"

புன்கு! உதிர்ந்த அதன் பூவை நெற்பொரியோடு ஒப்பிட்ட சங்கப் புலவர்களை எத்தனை முறை படித்திருப்பேன்? நயமான உவமை என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன். அது நயமே அல்ல, கண்ணால் கண்டதன் கணக்கு என்பது அந்த மரத்தடியில்தான் புரிந்தது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவற்றில் பத்தை நேரில் அடையாளம் காட்டக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? உரைகளைப் புரட்டினால் 'ஒருவகைப் பூ', 'ஒருவகை மரம்'. அந்த 'ஒருவகை' என்ற சொல்லில் நம் சோம்பல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பாட்டை ரசிக்கத் தாவரவியல் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பொரியைப் பார்த்தவனுக்கு அந்தக் கேள்வி எழாது.

முன்னோடிகள் இல்லாமலில்லை. பி.எல்.சாமி சங்க நூல்களின் செடிகொடிகளையும் பறவைகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் காண முயன்றார். 1912இல் இதே திருநெல்வேலியில் பிறந்த மா.கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் எழுதினார். அவர்களுக்குப் பின் அந்த வேலை இலக்கியவாதிகளின் கையைவிட்டு நழுவிவிட்டது. இந்த ஆற்றுப்படுகையின் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். ஆடு மேய்ப்பவர்களின் நாவில் மிஞ்சியிருக்கும் பூப்பெயர்களைக் கணக்கெடுக்க யாரும் புறப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். ஒரு குறிப்பேடும் கொஞ்சம் பணிவும் போதும். ஆனால் அந்தப் பாட்டிக்கு எழுபதுக்கு மேலிருக்கும். அவருடைய பேரன்கள் ஆடு மேய்க்கப் போவதில்லை. போகவேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன்.

பாபநாசத்துக்குச் சற்று முன்னால் பாறையொன்றில் மீன்செதிள் மினுங்கும் எச்சம் கிடந்தது. நீர்நாய் போட்டது. காலையில்தான் போயிருக்கவேண்டும், ஈரம் காயவில்லை. அதைக் காண அரைமணி நேரம் காத்திருந்தோம், வரவில்லை. குறிப்பேட்டில் அன்று பதினொரு பூக்கள் ஏறியிருந்தன. நான்கிற்கு எங்களிடம் பெயரில்லை. உலர்த்தி எடுத்துவைத்திருக்கிறேன், பாட்டியிடம் காட்டவேண்டும்.