குளிரைத் தாங்கும் கரு

சால்ட் லேக்கின் மூன்றாம் பிரிவிலுள்ள பிராணி சம்பத் பவனத்தை நம் அன்பர் பலர் அறிவர். மேற்கு வங்கத்தின் கோ சம்பத் விகாஸ் நிறுவனம் அமைந்துள்ள இடம் அது. காளைகளின் விந்தை உறையவைத்துச் சிற்றூர்தோறும் அனுப்புவது அந்நிறுவனத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று. விந்தை உறையவைக்கும் வித்தை நன்கு கைவந்துவிட்டது. ஆனால், கண்ணாடிக் கலத்தில் வளர்த்த பசுவின் கருவை உறையவைத்து மீண்டும் உயிர்ப்பிப்பது இன்றும் அரிய செயலே. காரணம் யாதென இத்திங்கள் ஆராய்வோம்.

கருவை உறையவைக்கும் கலையில் கொல்கத்தாவுக்குத் தனிப் பெருமை உண்டு. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுனித் முகர்ஜி முதலியோரின் துணையுடன், மனிதக் கருவொன்றை 53 நாட்கள் உறைநிலையில் காத்தார். அக்கருவே 1978 அக்டோபர் 3ஆம் நாள் துர்கா என்னும் மகவாகப் பிறந்தது. அரசு அமைத்த குழுவோ அதனை நம்ப மறுத்தது. 1981இல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே உரிய புகழ் அவரை வந்தடைந்தது.

பசுவினத்தில் இவ்வெற்றி 1973இலேயே கேம்பிரிட்ஜில் கிட்டியது. உறைந்த கருவிலிருந்து பிறந்த அக்கன்றுக்கு ‘ஃப்ராஸ்டி’ என்று பெயர். ஆயினும் அது தாய்ப் பசுவின் வயிற்றிலேயே உருவான கரு. ஆய்வுக்கூடத்தில் வளரும் கருவுக்கு அத்தகைய உறுதி இல்லை.

உறையும்போது உயிரணுவிலுள்ள நீர் பனிக்கட்டியாகி அணுவைக் கிழித்துவிடும். ஆதலின், ஏழு நாள் வளர்ந்த கருவை எத்திலீன் கிளைகால் போன்ற காப்புக் கரைசலில் இட்டு, நீரைப் பெரிதும் வெளியேற்றிய பின்னரே, 196 டிகிரி பூஜ்யத்துக்குக் கீழுள்ள திரவ நைட்ரஜனில் வைப்பர். இருப்பினும் கூடத்துக் கருக்களுள் பல மடிந்துவிடுகின்றன. நுண்ணோக்கியில் அவை கருத்துத் தோன்றும். அவற்றினுள் செறிந்த கொழுப்புத் துளிகளே அதற்குக் காரணம். குளிரில் கொழுப்பு இறுகி, அணுவின் மெல்லிய அமைப்புகளைச் சிதைக்கிறது.

இக்கொழுப்பு எங்கிருந்து வந்தது? கரு வளரும் ஊடகத்தில் ஊட்டமாகக் கன்றின் சீரத்தைச் சேர்ப்பது வழக்கம். அதனால் கரு விரைந்து வளரும். கூடவே கொழுப்பும் சேரும். உணவு மிகுந்து உரம் குறைந்த பிள்ளையைப் போன்றது அதன் நிலை! டப்ளின் அறிஞர்கள் கூடத்தில் உருவான பசுக் கருவைச் செம்மறி ஆட்டின் கருக்குழாயில் சில நாள் வளர்த்துப் பார்த்தனர். அக்கரு குளிரை நன்கு தாங்கியது. கரு தோன்றிய இடத்தைக் காட்டிலும், அது வளரும் சூழலே அதன் உறுதியை முடிவு செய்கிறது என்பது இதனால் விளங்கியது.

ஆகவே ஊடகத்தைத் திருத்த முயன்றனர். சீரத்தைக் குறைத்தனர், சிலர் முற்றும் நீக்கினர். எல்-கார்னிட்டைன் என்னும் பொருளைச் சேர்த்தனர். அது கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செலுத்தி எரிபொருளாக்குகிறது. கொழுப்பு குறைகிறது, கருவுக்கு ஆற்றலும் கிட்டுகிறது. மெலடோனின் போன்றவை ஆக்சிஜனால் நேரும் கேட்டைத் தணிக்கின்றன. எனினும் இவற்றின் பலன் எல்லாக் கூடங்களிலும் ஒன்றுபோல் அமையவில்லை. அளவு மீறின் தீங்கும் நேரும். அமிழ்தும் அளவோடுதானே!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். உறையாத கருவை அன்றே பொருத்தியாக வேண்டும். அதே பருவத்திலுள்ள வாடகைத் தாய்ப் பசு அருகிலேயே ஆயத்தமாக இருத்தலும் வேண்டும். தொலைவிலுள்ள ஏழை உழவனுக்கு அது எவ்வாறு கிட்டும்? குளிரைத் தாங்கும் கருவோ எத்தனை காதமும் பயணம் செய்யும். ஆண்டுக்கணக்கில் காத்தும் இருக்கும்.

காங்கேயமும் உம்பளாச்சேரியும் நம் முன்னோர் பேணிய செல்வங்கள். ஆலம்பாடி இனமோ அருகி வருகிறது. அவற்றின் கருக்களைப் பத்திரமாகச் சேமிக்க வல்லோமாயின், ஒரு கொடிய பஞ்சமோ நோயோ அவ்வினங்களை அடியோடு அழித்துவிட இயலாது. ஊரை விட்டு வந்த நாம் மொழியைக் காப்பது போலவே, ஊரின் மாட்டினத்தையும் காக்க வேண்டும் என்று கருதுவது முறையேயன்றோ?